பதினெட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்து: 2004 பிரிட்டோரியா கருக்கலைப்பு வழக்கு

தென்னாப்பிரிக்காவில் 15 வயதுப் பெண்ணொருத்தி கர்ப்பமாகி, அதைக் கலைக்க வேண்டும் என்று மருத்துவமனைக்குப் போனால் அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டுமா? வேண்டாம் என்கிறது சட்டம். அவளுடைய சம்மதம் இருந்தால் போதும். டர்பனில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நம் குடும்பங்களில் இதைச் சொன்னால் பலர் நம்புவதே இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கே பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள், இதற்கு வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வியில் தப்பில்லை. கிட்டத்தட்ட இதே கேள்வியைத் தென்னாப்பிரிக்கக் கிறிஸ்தவ வழக்கறிஞர் சங்கம் நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. 2004 மே மாதம் பிரிட்டோரியாவில், அன்றைய டிரான்ஸ்வால் மாகாண உயர் நீதிமன்றத்தில், நீதிபதி ஃபினியஸ் மொஜாபேலோ அதற்குப் பதில் சொன்னார்.

அந்தத் தீர்ப்பைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, தீர்ப்பு அதை அடைக்கவில்லை. அதையும் சொல்கிறேன்.

முன்பு இருந்த நிலை

இனவெறி ஆட்சிக் காலத்தில், 1975ல் ஒரு சட்டம் போட்டார்கள். தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ பெரிய கேடு, குழந்தை மீளமுடியாத குறையோடு பிறக்கும் என்ற நிலை, பலாத்காரம், முறைதவறிய உறவு என்று சில காரணங்களுக்கு மட்டும் கருக்கலைப்பு. அதற்கும் கலைக்கப்போகும் மருத்துவர் போதாது. வேறு இரண்டு மருத்துவர்கள் எழுதித் தர வேண்டும். பலாத்காரம் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தப் படிகளையெல்லாம் ஏறி முடிக்கப் பணமும் படிப்பும் தெரிந்த மருத்துவரும் வேண்டும். நாடு முழுவதும் வருடத்துக்குச் சுமார் ஆயிரம் பேருக்குத்தான் கிடைத்தது, அதிலும் பெரும்பாலோர் வெள்ளைக்காரப் பெண்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? எங்கள் பக்கத்தில் பப்பாளிக்காயும் எள்ளும் என்று ஆயாமார் கைவைத்தியம் சொல்வார்கள். அது பலிக்காதபோது பின்சந்தில் யாரையாவது தேடிப்போனார்கள். 1994ல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, அரைகுறையான கருக்கலைப்போடும் கருச்சிதைவோடும் வருடத்துக்குச் சுமார் 45,000 பெண்கள் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள் என்று கணக்கிட்டது. அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். புதிய சட்டம் வந்த சில வருடங்களில் இந்தச் சாவு 91 சதவீதம் குறைந்தது. இந்த வழக்கைப் பற்றி யாரோடு பேச உட்கார்ந்தாலும் இந்த எண்ணைத்தான் முதலில் வைக்கிறேன்.

1996ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 1997 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 4 அன்று, புதிய அரசியல் சாசனமும் அமலானது. சட்டத்தின்படி முதல் 12 வாரத்துக்குள் பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. 13 முதல் 20 வாரம் வரை ஒரு மருத்துவர் அவளோடு பேசி, குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று இருப்பதாகக் கருத வேண்டும். உடல் அல்லது மனநலத்துக்குக் கேடு, கருவில் கடுமையான குறை, பலாத்காரம், முறைதவறிய உறவு ஆகியவற்றோடு, அவளுடைய சமூக அல்லது பொருளாதார நிலையைப் பெரிதாகப் பாதிக்கும் என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்று. 20 வாரத்துக்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து, கருவுக்குக் கடுமையான கேடு போன்ற நிலைகளில் மட்டும். முதல் 12 வாரத்துக்குள் பயிற்சி பெற்ற மருத்துவச்சியே செய்யலாம்.

இந்த வழக்குக்கு முக்கியமானது 5ஆம் பிரிவு. கர்ப்பிணிப் பெண் விஷயம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது. அவள் சம்மதத்தைத் தவிர வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை. புருஷன், அப்பா, அம்மா, மாமியார் என்று யாருடையதும் தேவையில்லை. பெண் என்றால் எந்த வயதிலும் உள்ள பெண் என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்லிவிடுகிறது. அப்புறம் 18 வயதாகாத பெண்ணுக்கென்று ஒரு தனி உட்பிரிவு, 5(3). பெற்றோரிடமோ, காப்பாளரிடமோ, குடும்பத்தாரிடமோ, தோழிகளிடமோ கலந்து பேசு என்று மருத்துவரோ மருத்துவச்சியோ அவளுக்குச் சொல்லியாக வேண்டும். அவள் பேச விரும்பவில்லை என்பதற்காகச் சேவையை மறுக்கக் கூடாது.

முதல் வழக்கு, 1998

2004 தீர்ப்புக்கு அஸ்திவாரம் போட்டது அதே சங்கம் தோற்ற இன்னொரு வழக்கு. ஒவ்வொருவருக்கும் உயிர்வாழும் உரிமை உண்டு என்று அரசியல் சாசனத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒவ்வொருவரில் கருவும் அடங்கும், ஆகவே கருக்கலைப்புச் சட்டம் முழுவதும் செல்லாது என்று 1998ல் சங்கம் வாதிட்டது. நீதிபதி மெக்ரீத் ஏற்கவில்லை.

அவர் சொன்ன காரணங்களை நம்மில் ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருமுறையாவது நிதானமாகப் படிக்க வேண்டும். கரு உயிரா இல்லையா என்ற மத, மருத்துவ, தத்துவக் கேள்விக்குள் அவர் போகவில்லை. சாசனத்தை எழுதியவர்கள் கருவுக்கு உரிமை கொடுக்க நினைத்திருந்தால் வெளிப்படையாக எழுதியிருப்பார்களே என்று கேட்டார். குழந்தைகள் உரிமையைப் பேசும் 28ஆம் பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்கிறது. வயது பிறப்பிலிருந்துதான் எண்ணப்படுகிறது. 12(2)ஆம் பிரிவோ, இனப்பெருக்கம் பற்றி முடிவெடுக்கும் உரிமையையும் தன் உடல் மீதான பாதுகாப்பையும் கட்டுப்பாட்டையும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கிறது, கருவுக்காக எந்த விலக்கும் வைக்கவில்லை. கருவுக்குத் தாய்க்குச் சமமான உயிருரிமை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தாய் சாகும் நிலையில்கூடக் கலைக்க முடியாமல் போகலாம். பலாத்காரத்தில் உண்டான கர்ப்பத்துக்கும் அதே கதிதான்.

சொத்து விஷயத்தில் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டே என்று கேட்பவர்கள் உண்டு. உண்டுதான். பிள்ளை உயிரோடு பிறந்தால் மட்டும் அந்தப் பங்கு கிடைக்கும், பிறக்காவிட்டால் இல்லை. அதை வைத்துக் கருவைச் சட்டத்தின் முன் முழு மனிதராக ஆக்க முடியாது.

என்ன கேட்டார்கள், 2004ல்

முழுச் சட்டத்தையும் தகர்க்க முடியாமல் போனதும் சங்கம் குறியை மாற்றியது. 18 வயதுக்குட்பட்ட பெண்களைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த வயதில் ஒரு பெண் இப்படிப்பட்ட முடிவைத் தானே எடுக்கும் திறனுள்ளவள் கிடையாது. பெற்றோரின் சம்மதமோ வழிகாட்டலோ கட்டாயம் வேண்டும். ஆலோசனை கட்டாயம் வேண்டும். யோசிக்க அவகாசமும் கட்டாயம் வேண்டும் என்பது வாதம். குழந்தையின் நலனே முதன்மை, குழந்தைக்குப் பெற்றோரின் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்று சொல்லும் 28ஆம் பிரிவைத்தான் இதற்குத் துணையாக நிறுத்தினார்கள்.

இது 1998 வாதத்தைவிட வலுவானது. கருவின் உரிமை என்று பேசும்போது எதிரே நிற்பவள் தாய். இங்கே பேசப்பட்டது அந்தப் பெண்ணின் நலன்தான். அவள் நல்லதுக்காகவே அவளுக்குத் துணை வேண்டும் என்று சொல்லும்போது எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் மனம் இளகும். அன்றைய சட்டத்தில் ஒரு முரணும் கண்ணில் படும்படி இருந்தது. 1983ஆம் வருடக் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி சாதாரண சிகிச்சைக்கு 14 வயதிலேயே தானே சம்மதிக்கலாம், அறுவைச் சிகிச்சைக்கு 18 ஆக வேண்டும். 17 வயதுப் பெண்ணுக்குக் குடல்வால் எடுக்க அப்பா கையெழுத்து வேண்டும், கருவைக் கலைக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்கு இது விநோதமாகத் தெரியத்தான் செய்யும்.

சுகாதார அமைச்சர் தரப்பு எழுப்பியது எக்ஸெப்ஷன் என்ற ஆட்சேபம். வாதி சொல்லும் தகவல்கள் அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் சட்டப்படி வழக்கு நிற்காது என்பது அதன் பொருள். 1998லும் இதே முறைதான். அதனால் இரண்டு வழக்கிலும் சாட்சி விசாரணை இல்லை. உளவியலாளர் யாரும் கூண்டில் ஏறவில்லை, எந்தப் பெண்ணும் தன் கதையைச் சொல்லவில்லை. நீதிமன்றம் பார்த்தது சட்டத்தின் வாசகத்தையும் சாசனத்தின் வாசகத்தையும்தான். ரீப்ரொடக்டிவ் ஹெல்த் அலையன்ஸ் என்ற அமைப்பு நீதிமன்றத்துக்கு உதவும் நண்பராகச் சேர்ந்து வாதாடியது.

தீர்ப்பின் நடு முடிச்சு

மொஜாபேலோவின் தீர்ப்பில் எல்லாமே ஒரு முடிச்சில்தான் தொங்குகிறது: அறிந்து தரும் சம்மதம். அதற்கு மூன்று அம்சம் வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் பொதுச்சட்டம் ஏற்கெனவே வகுத்திருக்கிறது. என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து என்று தெரிந்திருக்க வேண்டும். அது தன் விஷயத்தில் என்ன பொருள் தரும் என்று உணர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தானாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 1994ல் கேப் மாகாணத்தில் வந்த காஸ்டெல் வழக்கில், நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அளக்காமல், நோயாளியின் நிலையிலிருந்து பார்த்து அளக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அந்த வழியில்தான் இவரும் நடந்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. சட்டம் பெண்களை வயதை வைத்துப் பிரிக்கவில்லை. சம்மதிக்கும் திறன் இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்கிறது. திறன் இல்லாத பெண்ணுக்குக் கருக்கலைப்புச் செய்யச் சட்டமே அனுமதிக்கவில்லை, ஏனென்றால் அவளால் சம்மதம் தர முடியாது. திறன் இருக்கும் பெண்ணுக்கு வயது எதுவானாலும் சாசனத்தின் 12(2), தனியுரிமை, கண்ணியம் எல்லாம் துணைக்கு வருகின்றன. ஒரே வயதில் பக்குவப்பட்டவரும் இருப்பார், பக்குவப்படாதவரும் இருப்பார். யார் எப்படி என்பதை அந்தந்தப் பெண்ணை நேரில் பார்க்கும் மருத்துவரோ மருத்துவச்சியோ தீர்மானிக்கட்டும். ஆகவே வாதி பயப்படும் நிலைமையைச் சட்டமே ஏற்கெனவே தடுத்திருக்கிறது, வழக்கு நிற்காது.

இந்த நகர்வின் திறமையைக் கவனிக்க வேண்டும். 18க்குக் கீழே உள்ள எல்லோரும் திறனற்றவர்கள் என்ற வாதியின் கூற்றை எதிர்த்து அவர் சண்டை போடவில்லை. திறனற்றவர்கள் என்றே வைத்துக்கொள், அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் கருக்கலைப்பு நடக்காதே, அப்புறம் எதை ரத்துசெய்யச் சொல்கிறாய் என்று கேட்கிறார். எக்ஸெப்ஷன் முறைக்குள் நின்றுகொண்டு இதைவிடச் சுத்தமாக ஒரு பதில் சொல்ல முடியாது.

அந்த அறையில் என்ன நடக்கிறது

தீர்ப்பு ஒரு நர்ஸின் கையில் இவ்வளவு பெரிய பொறுப்பை வைக்கிறதே, அது நடைமுறையில் எப்படி இருக்கும்? நல்ல இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேசையில் ஒரு படிவம். படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டால் அது சம்மதம் ஆகாது. முதலில் ஸ்கேனோ பரிசோதனையோ செய்து எத்தனை வாரம் என்று பார்ப்பார்கள். பிறகு, கர்ப்பத்தை வைத்துக்கொண்டால் என்ன வழிகள் இருக்கின்றன, தத்துக் கொடுப்பது எப்படி, கலைத்தால் எந்த முறை, எவ்வளவு ரத்தம் போகும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று சொல்வார்கள். சொல்லி முடித்ததும் அவளையே திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். "இப்ப நான் சொன்னதை உன் வார்த்தையில சொல்லு பாப்போம், கண்ணு." அவள் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். வீட்டில் யாரிடம் பேச முடியும் என்று கேட்பார்கள். சித்தியிடம், பெரியக்காவிடம், டீச்சரிடம் என்று ஏதாவது பெயர் வந்தால் அவர்களைக் கூப்பிடலாமா என்பார்கள். அவள் வேண்டாம் என்றால் அங்கே நிறுத்த வேண்டும். யார் வற்புறுத்தி அனுப்பினார்கள் என்பதையும் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று அழும் பெண்ணைக் கலைத்துவிடு என்று இழுத்துக்கொண்டு வரும் குடும்பமும் இருக்கிறது. 5ஆம் பிரிவு அவளையும் காக்கிறது. பெற்றோர் சம்மதம் செல்லாது என்றால் இரண்டு பக்கமும் செல்லாது.

இந்தக் கடைசி வரியை நம் சமூகக் கூட்டங்களில் சொல்லும்போதுதான் முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். மானம் போய்விடும் என்று மகளை மருத்துவமனைக்கு இழுத்துவரும் தகப்பனுக்கும், பாவம் என்று சொல்லி வீட்டுக்குள் பூட்டிவைக்கும் தகப்பனுக்கும் சட்டம் ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

ஒருமுறை அப்படியொரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா என்னிடம் வந்தார். "எம் பொண்ணு எங்கிட்ட சொல்லாம போயிட்டு வந்தா, அப்ப நான் அவளுக்கு என்னதான் அம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கண் கலங்கியிருந்தது. "அக்கா, சட்டம் உங்ககிட்டயிருந்து அவளைப் பிரிக்கலை. அம்மாகிட்ட பேசும்மான்னு நர்ஸ் சொல்லித்தான் ஆகணும். அவ பேசறதும் பேசாததும் நீங்க இத்தனை வருஷமா வீட்டில எப்படிப் பேசினீங்கங்கறதைப் பொறுத்தது" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் பட்டிருக்கும். ஆனால் வேறு எப்படிச் சொல்வது? பெற்றோர் சம்மதம் கட்டாயம் என்று எழுதினால், பேசக்கூடிய அம்மா இருக்கும் பெண்ணுக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை, அவள் எப்படியும் பேசிவிடுவாள். அடிவிழும் வீட்டுப் பெண்ணுக்கும், கர்ப்பத்துக்குக் காரணமே வீட்டில் இருக்கும் ஒருவன் என்றாகிவிட்ட பெண்ணுக்கும்தான் அது கதவை அடைக்கும். அந்தப் பெண் சும்மா இருக்கமாட்டாள். டர்பன் நகரத்து விளக்குக் கம்பங்களிலும் பாலங்களின் தூண்களிலும் ஒட்டியிருக்கும் துண்டுக் காகிதங்களைப் பார்த்திருப்பீர்கள்: வலியில்லாத கருக்கலைப்பு, அன்றே முடியும், கீழே ஒரு செல்போன் நம்பர். உரிமம் இல்லாத ஆட்கள் அவர்கள். வாரக்கணக்கைப் பற்றி அவர்கள் கேட்பதும் இல்லை, பெற்றோர் கையெழுத்தும் கேட்பதில்லை.

பதினாறு வயதின் முடிவு

இளம்பெண்ணுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்குமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்குத் தில்லையாடி வள்ளியம்மையின் நினைவு வரும். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்களைச் சட்டத்தின் கண்ணில் இல்லாததாக ஆக்கியது. அதையும், ஒப்பந்தக் கூலிகளாக வந்து தங்கிவிட்ட இந்தியர்கள் மீது போட்ட மூன்று பவுன் தலைவரியையும் எதிர்த்துப் பெண்கள் புறப்பட்டார்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை கைதாகிக் கடுங்காவல் தண்டனை பெற்றார். சிறையில் நோய்வாய்ப்பட்டு, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. நாம் அவருக்குச் சிலை வைத்தோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம். அவர் எடுத்த முடிவை அறியாத வயதில் எடுத்தது என்று யாரும் சொன்னதில்லை. அவருடைய தாய் மங்கலமும் போராட்டத்தில் கூடவே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாயும் மகளும் ஒரே பக்கம் நிற்கும் வீடு அது. அப்படி வாய்த்தால் நல்லது. வாய்க்காத பெண்ணின் முடிவு அதனால் முடிவே இல்லை என்று ஆகிவிடாது.

மற்ற நாடுகளில் வாழும் தமிழர் நிலைமையோடு ஒப்பிட்டால் தென்னாப்பிரிக்கா எங்கே நிற்கிறது என்று தெரியும். மொரீஷியஸில் 2012 வரை கருக்கலைப்பு முழுக்கக் குற்றம். அந்த வருடத் திருத்தத்துக்குப் பிறகும் சில காரணங்களுக்கு மட்டும்தான் அனுமதி, 18 வயதுக்குட்பட்டவளுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ரீயூனியனில் பிரெஞ்சுச் சட்டம். வீட்டுக்குச் சொல்ல விரும்பாத இளம்பெண், தானே தேர்ந்தெடுத்த வயதுவந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துவரலாம். அந்தத் துணை ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். கையெழுத்து அதிகாரம் இல்லாமல், பக்கத்தில் உட்கார மட்டும் ஒரு ஆள்.

பின்னால் நடந்தவை

2004லேயே நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. பயிற்சி பெற்ற நர்ஸுகளும் செய்யலாம், 24 மணி நேரப் பிரசவ சேவை உள்ள இடங்களில் 12 வாரம் வரையிலான கருக்கலைப்புக்குத் தனி அனுமதி தேவையில்லை என்பன போன்ற மாற்றங்கள். டாக்டர்ஸ் ஃபார் லைஃப் என்ற அமைப்பு இதை அரசியல் சாசன நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2006 ஆகஸ்டில் நீதிபதி இங்கோபோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் அவை பொதுமக்களைப் போதுமான அளவு கலந்துகொள்ளவில்லை என்று அந்தத் திருத்தத்தைச் செல்லாததாக்கி, சரிசெய்ய 18 மாதம் கொடுத்தது. டர்பனில் வளர்ந்த நீதிபதி ஜாக் யாக்கூப் இதில் மாறுபட்டு எழுதினார். கருக்கலைப்பு உரிமை சரியா தவறா என்று அந்த வழக்கில் யாரும் தீர்மானிக்கவில்லை, சட்டம் இயற்றிய முறையைத்தான் பார்த்தார்கள். 2008ல் அதே திருத்தங்கள் முறைப்படி மறுபடி நிறைவேறின.

குடல்வால் முரணும் பிற்பாடு பெருமளவு தீர்ந்தது. 2005ஆம் வருடக் குழந்தைகள் சட்டம், 12 வயதுக்கு மேல் போதிய பக்குவம் இருந்தால் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்கிறது; அறுவைச் சிகிச்சை என்றால் பெற்றோர் உடனிருந்து உதவ வேண்டும். கருக்கலைப்பை மட்டும் பழையபடி 1996 சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கே விட்டுவைத்தது. வயதை விட்டுவிட்டுத் திறனைப் பார் என்ற மொஜாபேலோவின் அணுகுமுறை இன்று தனியாக நிற்கவில்லை.

2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமையாக்கிய தன் பழைய ரோ தீர்ப்பைக் கவிழ்த்தபோது, இங்கேயும் அப்படி நடக்குமா என்று பலர் பயந்து கேட்டார்கள். சுலபமாக நடக்காது. அமெரிக்காவில் அந்த உரிமை சாசனத்தில் எழுதப்படவில்லை, நீதிபதிகள் வாசித்து எடுத்தது. வேறு நீதிபதிகள் வேறு விதமாக வாசித்ததும் போய்விட்டது. இங்கே இனப்பெருக்கம் பற்றி முடிவெடுக்கும் உரிமை 12(2)ல் அச்சிலேயே இருக்கிறது. உரிமைகள் பகுதியைத் திருத்த நாடாளுமன்றத்தின் கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும், மாகாணங்களின் அவையில் ஒன்பதில் ஆறு மாகாணங்களின் ஆதரவும் வேண்டும். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. மனசாட்சி ஒப்பவில்லை என்று ஒதுங்கும் ஊழியர்கள், பயிற்சி பெற்றவர் ஓய்வுபெற்றதும் நின்றுபோகும் சேவை, அடுத்த வாரம் வா என்று தள்ளித் தள்ளி 12 வாரத்தைத் தாண்டவிடும் வரிசை. சட்டப்படியான கருக்கலைப்பைத் தடுத்தாலோ வழிமறித்தாலோ 10 வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு பெண்ணைத் திட்டித் திருப்பி அனுப்புபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டை

திறன் இல்லாத பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் கீழ் கலைக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சரி, அப்படியானால் 11 வயதுக் குழந்தை ஒருத்தி கர்ப்பமாகி வந்தால்? 12 வயதுக்குட்பட்ட குழந்தை உடலுறவுக்குச் சம்மதிக்கவே முடியாது என்று 2007ஆம் வருடப் பாலியல் குற்றச் சட்டம் சொல்கிறது, ஆகவே அது பலாத்காரம்தான். போலீஸுக்குத் தெரிவிப்பது கடமை. ஆனால் கருக்கலைப்புக்கு யார் சம்மதிப்பது? என்ன நடக்கிறது என்றே அவளுக்குப் புரியாமல் இருக்கலாம். 1996 சட்டத்தின் 5(4), 5(5) பிரிவுகளில் காப்பாளருக்கு இடம் உண்டு, ஆனால் அவை கடுமையான மனநலக் குறைபாடு உள்ளவளையும் மீளாமல் நினைவிழந்து கிடப்பவளையும் பற்றியவை. வெறும் வயதால் புரியாதவள் அதில் வரமாட்டாள். பெற்றோர் சம்மதித்தாலும், வேறு யாருடைய சம்மதமும் தேவையில்லை என்ற வாசகத்துக்கு முன்னால் அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பது தெளிவாக இல்லை. மொஜாபேலோ முன் வந்த ஆட்சேபத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தேவை எழவில்லை. அதனால் தீர்ப்பு அவளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு முடிந்துவிடுகிறது.

இப்போதைக்கு இருக்கும் வழி, எல்லாச் சிறார்களுக்கும் மேல்நிலைக் காப்பாளர் என்ற முறையில் உயர் நீதிமன்றத்தை அணுகுவதுதான். வக்கீல், மனு, தேதி என்று நாள் போகும், கர்ப்பமோ வாரக்கணக்கில் வளரும். 5ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு சேர்த்தால் போதும் என்பது என் கருத்து. வயதின் காரணமாகச் சம்மதம் தர இயலாத குழந்தைக்கு, கர்ப்பத்தோடு தொடர்பில்லாத ஒரு பெற்றோரோ, அவர் இல்லையென்றால் நியமிக்கப்பட்ட சமூகப் பணியாளரோ, குழந்தையின் பேச்சைக் கேட்டபின் சம்மதம் தரலாம். குழந்தை வேண்டாம் என்று மறுத்தால் 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் விஷயம் போக வேண்டும். நாடாளுமன்ற சுகாதாரக் குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்து அனுப்பலாம், 2006 தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கருத்தைக் கேட்காமல் சட்டம் போடுவதும் கடினம்.